கம்ப்யூட்டர் ஸ்பீக்கரை எந்த ஜாக்கில் செருகுவது? அனலாக், டிஜிட்டல் இணைப்புகளுக்கு ஒரு வழிகாட்டி

புது ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆப்டிகல் கேபிள் தனியா வாங்கணுமா, பெட்டியில வந்த ஒயரே போதுமா?" கடையில் கேட்டால் "டிஜிட்டல்தான் சார் பெஸ்ட்" என்று ஒரு கேபிளையும் சேர்த்து பில் போட்டுவிடுவார்கள். மேசையில் இரண்டு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்கிற, படம் பார்க்கிற பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கேபிள் வேண்டியதில்லை. யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்க ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும்.

கம்ப்யூட்டருக்குள் பாட்டு வெறும் எண்களாக இருக்கிறது. சிடி தரம் என்றால் ஒரு நொடிக்கு 44,100 முறை ஒலியின் அளவை எடுத்து, ஒவ்வொன்றையும் 16 பிட் எண்ணாக எழுதி வைத்திருப்பார்கள். ஸ்பீக்கரின் கூம்புக்கு எண் புரியாது. ஏறி இறங்கும் மின்னழுத்தம் வந்தால்தான் அது முன்னும் பின்னும் அசையும். ஆக, எண்ணை மின் அலையாக மாற்றும் வேலையை வழியில் எங்காவது ஒரு சிப் செய்தே ஆக வேண்டும். அதன் பெயர் டிஏசி, பேச்சுவழக்கில் 'டாக்'. டாக் கம்ப்யூட்டருக்குள் இருந்தால் ஒயரில் போவது அனலாக். டாக் ஸ்பீக்கருக்குள் இருந்தால் ஒயரில் போவது டிஜிட்டல். அவ்வளவுதான் வித்தியாசம். அட்டைப்பெட்டியில் 'டிஜிட்டல் ஸ்பீக்கர்' என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் கடைசியில் காதுக்கு வருவது அனலாக்தான்.

போனில் கோலம் சொல்லிக்கொடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். "11 புள்ளி, 6 வரைக்கும், இடுக்குப் புள்ளி" என்று எண்ணாகச் சொன்னால் லைன் கொஞ்சம் கரகரத்தாலும் விஷயம் பிசகாமல் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அந்தப் பக்கம் மாவை எடுத்துப் போடுகிறவருக்குக் கை வர வேண்டும். அதே போலத்தான் டிஜிட்டல் ஒயரும் வழியில் எதையும் கெடுக்காது. மறுமுனையில் இருக்கும் டாக் மட்டமாக இருந்தால் அதற்கு அந்த ஒயர் பொறுப்பாகாது. எனவே 'எந்த ஒயர் உசத்தி' என்று கேட்பதைவிட 'மாற்றம் எங்கே நடக்கிறது' என்று கேளுங்கள். இனி வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போவதுதான்.

படி 1: ஸ்பீக்கரில் என்னென்ன இருக்கிறது?

விலை குறைந்த இரட்டை ஸ்பீக்கர்களில் இரண்டு ஒயர் வரும். ஒன்றின் முனையில் 3.5 எம்எம் பின், மற்றதில் யூஎஸ்பி. புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இதுதான். யூஎஸ்பி இருக்கிறது, அப்படியானால் டிஜிட்டல் என்று நினைத்து அதை மட்டும் செருகுவார்கள். விளக்கு எரியும், சத்தம் வராது. பழுது என்று கடைக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவார்கள். இந்த வகை ஸ்பீக்கரில் யூஎஸ்பி 5 வோல்ட் கரன்ட்டுக்கு மட்டும். பாட்டு போவது 3.5 எம்எம் பின் வழியாக. அதாவது இது முழுக்க அனலாக் ஸ்பீக்கர். இரண்டையும் செருக வேண்டும். யூஎஸ்பியை செல்போன் சார்ஜரில் செருகினாலும் ஸ்பீக்கர் பாடும்.

உண்மையான யூஎஸ்பி ஆடியோ ஸ்பீக்கரில் டாக் உள்ளேயே இருக்கும். அதைக் கண்டுபிடிப்பது எளிது: யூஎஸ்பியைச் செருகியதும் விண்டோஸின் சவுண்ட் பட்டியலில் புதிதாக ஒரு பெயர் முளைக்கும். முளைக்கவில்லை என்றால் அது வெறும் கரன்ட் ஒயர்.

இன்னொரு யூஎஸ்பி குழப்பமும் உண்டு. 2.1 (இரண்டு ஸ்பீக்கர், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர்), 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) செட்டுகளின் முகப்பில் யூஎஸ்பி, எஸ்டி கார்டு, எஃப்எம் என்று வரிசையாக இருக்கும். அந்த யூஎஸ்பி பென்டிரைவுக்கானது. அதையும் கம்ப்யூட்டரையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பின் உள்ள கேபிளால் இணைக்க முயலாதீர்கள். இரண்டுமே கரன்ட் கொடுக்கும் பக்கங்கள். பாட்டு வராது, போர்ட் போனாலும் போகலாம்.

பின்பக்கத்தில் சிவப்பு, வெள்ளை வட்ட ஜாக்குகள் இருந்தால் அவை ஆர்சிஏ, அனலாக். சிவப்பு வலது, வெள்ளை இடது. அதே வட்ட வடிவில் தனியாக ஒன்று மட்டும் இருந்து, பக்கத்தில் 'கோஆக்சியல்' என்று எழுதியிருந்தால் அது டிஜிட்டல். பார்க்க இரண்டும் அச்சு அசல் ஒன்றே. எழுத்தைப் படித்துத்தான் பிரிக்க வேண்டும். சின்னக் கதவு போட்ட சதுரத் துளை இருந்தால் அது ஆப்டிகல், அதாவது எண்களை ஒளியாக வாங்கும் டிஜிட்டல் வழி. பின்னால் சிவப்பும் கறுப்புமாக கிளிப்புகள் மட்டும் இருந்தால், அந்த ஸ்பீக்கருக்குள் ஆம்ப்ளிஃபையரே கிடையாது. அதைக் கம்ப்யூட்டரில் நேராகச் செருக முடியாது, நடுவில் ஓர் ஆம்ப் வேண்டும்.

படி 2: கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது?

டெஸ்க்டாப் என்றால் சிபியு பெட்டியின் பின்பக்கம் வண்ண ஜாக்குகள் இருக்கும். பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, வெளிர்நீலம் வெளியிலிருந்து ஒலியை உள்ளே கொண்டுவர. 1990களின் இறுதியில் மைக்ரோசாஃப்டும் இன்டெலும் சேர்ந்து வெளியிட்ட பிசி 99 வடிவமைப்புக் கையேட்டில் வந்த நிறங்கள் இவை, இன்றும் மாறவில்லை. விலை கூடிய மதர்போர்டுகளில் அழகுக்காக எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் வைத்துவிடுகிறார்கள். அப்போது பக்கத்தில் உள்ள எழுத்தைத்தான் பார்க்க வேண்டும்.

முகப்பிலும் ஒரு ஹெட்போன் ஜாக் இருக்கும். ஸ்பீக்கருக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள். அங்கிருந்து ஒரு மெல்லிய ஒயர் பெட்டிக்குள் மதர்போர்டு வரை ஓடுகிறது. வழியில் கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை எல்லாவற்றின் இரைச்சலையும் பொறுக்கிக்கொண்டு வரும். சில பெட்டிகளில் அசெம்பிள் செய்தவர் அந்த ஒயரை மாட்டவே மறந்திருப்பார். முன்பக்க ஜாக் பிறவியிலேயே ஊமையாக இருக்கும்.

லேப்டாப்பில் இப்போது ஒரே ஜாக்கில் மைக்கும் ஹெட்போனும். ஸ்பீக்கர் பின்னைக் கையில் எடுத்துப் பாருங்கள்: உலோகத்தில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் ஸ்டீரியோ, மூன்று இருந்தால் மைக்கும் சேர்ந்தது. ஒன்று மட்டும் இருந்தால் மோனோ. அதை வைத்து இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஒலி வாங்க முடியாது. இரண்டு வளையப் பின் லேப்டாப் ஜாக்கில் சிக்கலில்லாமல் வேலை செய்யும்.

ஜாக்கே இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால் டைப்-சி போர்ட்டில் மாட்டும் சின்ன அடாப்டர் வாங்க வேண்டியிருக்கும். லேப்டாப்புக்கு வாங்கும்போது 'டாக் உள்ளது' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே டாக் இல்லாத மலிவு அடாப்டர்கள் சில போன்களில் மட்டுமே வேலை செய்யும்.

எஸ்பிடிஐஎஃப் என்று எழுதிய சதுரத் துளை இருந்தால், அதுதான் ஆப்டிகல் வெளியீடு. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய தரம், பெயரிலேயே இருவரின் முதலெழுத்தும் இருக்கிறது. ஒளியில் அனுப்பும் டாஸ்லிங்க் முனையை 1983இல் கொண்டுவந்தது டோஷிபா. மலிவு மதர்போர்டுகளில் இது இருக்காது. லேப்டாப்பில் அநேகமாக இருக்கவே இருக்காது. பழைய மேக்புக் ப்ரோ வைத்திருப்பவர்கள் ஹெட்போன் ஜாக்குக்குள் எட்டிப் பாருங்கள். 2016க்கு முந்தைய மாடல்களில் அந்த ஒரே ஜாக் ஆப்டிகல் வேலையும் செய்தது.

படி 3: முடிவெடுங்கள்

இரண்டு ஸ்பீக்கர், அல்லது இரண்டு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும். ஒயர் நீளம் ஒன்றிரண்டு மீட்டருக்குள். இரைச்சல் எதுவும் இல்லை. அப்படியானால் பச்சை ஜாக். வேறு யோசனையே வேண்டாம். இன்றைய மதர்போர்டுகளில் உள்ள ஆடியோ சிப், நடுத்தர விலை ஸ்பீக்கர் தரக்கூடிய எதையும்விட நன்றாகவே இருக்கிறது. இந்த இடத்தில் கேபிளை மாற்றி ஒலியை மேம்படுத்த முடியாது. அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.

டிஜிட்டலுக்குப் போக நியாயமான காரணங்கள் சில உண்டு. ஸ்பீக்கரிலிருந்து ஓயாத உறுமல் வருகிறது. லேப்டாப் ஜாக் ஆடிப்போய் கரகரக்கிறது. ஸ்பீக்கர் அறையின் மறுகோடியில் இருக்கிறது. அல்லது ஸ்பீக்கரே உள்ளுக்குள் டிஜிட்டலாக வேலை செய்யும் வகை. கடைசியாகச் சொன்னதற்கு விளக்கம் வேண்டும். இப்போது வரும் பல ஸ்டுடியோ ஸ்பீக்கர்களிலும் சவுண்ட்பார்களிலும் ஒலியைச் சீர்செய்ய உள்ளே ஒரு புராசசர் இருக்கும். அதற்கு அனலாக் ஒலி கொடுத்தால், அது வாங்கி மறுபடி எண்ணாக்கி, வேலை முடிந்ததும் திரும்ப அனலாக் ஆக்கும். தேவையில்லாத இரண்டு மாற்றங்கள். காதில் வித்தியாசம் கேட்குமா என்றால் பெரும்பாலும் கேட்காது. ஆனால் யூஎஸ்பி அல்லது ஆப்டிகல் உள்ளீடு இருக்கும்போது சுற்றுவழியில் போவானேன்?

படி 4: இணையுங்கள்

அனலாக் என்றால் முதலில் ஸ்பீக்கரின் வால்யூமைக் குறையுங்கள். முழுச் சத்தத்தில் பின்னைச் செருகினால் வரும் 'டப்' சத்தம் ஸ்பீக்கருக்கு நல்லதல்ல. பின்னை 'டக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். அரைகுறையாகச் செருகிய பின்தான் 'ஒரு பக்கம்தான் கேக்குது', 'பாடுறவங்க குரல் மட்டும் கேக்கல' என்ற புகார்களில் பாதிக்குக் காரணம். ஸ்பீக்கரில் ஆர்சிஏ இருந்தால் 3.5 எம்எம்மிலிருந்து இரண்டு ஆர்சிஏவாகப் பிரியும் கேபிள் வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட் வரை போக வேண்டாம், தெருமுனை செல்போன் கடையிலேயே கிடைக்கும்.

யூஎஸ்பி ஆடியோ என்றால் செருகிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். டிரைவர் எதுவும் பெரும்பாலும் வேண்டாம். கரன்ட் போதாத ஹப்பில் செருகாமல் நேராகக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். கேபிள் 5 மீட்டருக்கு மேல் போக வேண்டாம்.

ஆப்டிகல் கேபிளின் இரண்டு முனையிலும் குட்டி பிளாஸ்டிக் மூடி இருக்கும். பலர் அதைக் கழற்றாமலே செருகப் பார்ப்பார்கள். கழற்றுங்கள், தூக்கி எறியாதீர்கள்; கேபிளைச் சுருட்டி வைக்கும்போது தூசி படாமல் இருக்க உதவும். ஒரு முனையைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டு மறுமுனையை உள்ளங்கையில் காட்டுங்கள். சிவப்புப் புள்ளி தெரிந்தால் கம்ப்யூட்டர் ஒளியை அனுப்புகிறது, கேபிளும் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அனலாக் ஒயரில் இப்படிக் கண்ணால் சோதிக்க வழியே இல்லை. முனையின் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மூலை வெட்டியதாகவும் இருக்கும்; துளையோடு பொருத்திப் பார்த்துச் செருகுங்கள். உள்ளே இருப்பது பிளாஸ்டிக் இழை என்பதால் மூலையில் மடக்கி ஒடிக்காமல் வளைவாக விடுங்கள். தங்க முலாம் பூசிய ஆப்டிகல் கேபிள் என்று விற்கிறார்கள். ஒளி போகும் கேபிளுக்குத் தங்கம் எதற்கு என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கோஆக்சியலுக்குத் தனிக் கேபிள் இல்லையென்றால் பழைய டிவிடி பிளேயரோடு வந்த மூன்று நிற ஏவி கேபிளில் மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவுக்கான அந்த ஒயரும் இதற்கு வேண்டிய 75 ஓம் வகைதான்.

எச்டிஎம்ஐயில் ஒரு பொறி இருக்கிறது. சவுண்ட்பாரில் எச்டிஎம்ஐ ஒன்றுதான் உள்ளது, அதில் 'அவுட்' அல்லது 'ஏஆர்சி' என்று எழுதியிருக்கிறது என்றால், அதில் கம்ப்யூட்டரை நேராகச் செருகினால் சத்தம் வராது. அது டிவியிலிருந்து ஒலியைத் திருப்பி வாங்கும் வழி. கம்ப்யூட்டரின் எச்டிஎம்ஐக்கு அந்தப் பாஷை தெரியாது. கம்ப்யூட்டரை டிவியிலும் டிவியின் ஏஆர்சியைச் சவுண்ட்பாரிலும் இணைக்க வேண்டும். 'எச்டிஎம்ஐ இன்' தனியாக இருந்தால் நேராகவே செருகலாம். மானிட்டருக்கு எச்டிஎம்ஐ போகிறது, மானிட்டரில் ஹெட்போன் ஜாக் இருக்கிறது என்றால் அங்கே ஸ்பீக்கரைச் செருகலாம். ஆனால் அப்போது வேலை செய்வது மானிட்டருக்குள் இருக்கும் டாக். அதற்கு மானிட்டர் கம்பெனிகள் அதிகம் செலவு செய்வதில்லை.

புளூடூத்தும் டிஜிட்டல்தான், ஒலியைச் சுருக்கி அனுப்பும் டிஜிட்டல். பாட்டுக்குப் பழுதில்லை. ஆனால் சத்தம் நொடியில் ஒரு சிறு பங்கு தாமதமாக வரும். வீடியோ பிளேயர்கள் படத்தையும் அதற்கேற்பத் தாமதித்துச் சமாளித்துவிடும். கேமில் துப்பாக்கி சுட்ட பிறகுதான் வெடிச்சத்தம் கேட்கும்; கீபோர்டு வாசிக்கிறவர்களுக்குக் கைக்கும் காதுக்கும் ஒத்துவராது.

படி 5: விண்டோஸுக்குச் சொல்லுங்கள்

ஒயர் சரி, பின் சரி, சத்தம் மட்டும் இல்லை. முதலில் பார்க்க வேண்டியது டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படம். அதை அழுத்தி, வால்யூம் கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள குறியைத் தொட்டால் ஒலி எங்கே போகிறது என்ற பட்டியல் வரும். பச்சை ஜாக் பெரும்பாலும் 'ரியல்டெக்' என்ற பெயரிலும், ஆப்டிகல் 'டிஜிட்டல் அவுட்புட்' என்றும், எச்டிஎம்ஐ மானிட்டரின் மாடல் பெயரிலும் இருக்கும். புது மானிட்டரை எச்டிஎம்ஐயில் மாட்டிய அன்றைக்கு 'ஸ்பீக்கர் போச்சு' என்றால், காரணம் கிட்டத்தட்ட உறுதியாக இதுதான். ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு விண்டோஸ் பாட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். மேக்கில் இதே தேர்வு சிஸ்டம் செட்டிங்ஸில் 'சவுண்ட்' பகுதியில் இருக்கிறது.

பிறகு வால்யூம். அனலாக் இணைப்பில் விண்டோஸின் வால்யூமை 80க்கு மேல் வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஸ்பீக்கரின் குமிழில் செய்யுங்கள். ஒயரில் ஒட்டும் இரைச்சல் எப்போதும் ஒரே அளவுதான். பாட்டு பலமாகப் போனால் இரைச்சல் அமுங்கிவிடும். விண்டோஸில் 20, ஸ்பீக்கரில் முழுசு என்று வைத்தால் பாட்டோடு சேர்த்து 'உஸ்' என்ற ஓசையையும் பெரிதாக்குகிறீர்கள்.

இடது வலது மாறாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சவுண்ட் பக்கத்தின் கீழே 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று இருக்கும். அதில் ஸ்பீக்கரைத் தேர்ந்து 'கான்ஃபிகர்' அழுத்தினால் ஒவ்வொரு பக்கமாக ஒலித்துக் காட்டும்.

5.1 செட் வைத்திருப்பவர்களுக்கு

இங்கேதான் டிஜிட்டல் என்றால் உசத்தி என்ற நம்பிக்கை ஆளை நன்றாக ஏமாற்றும். ஆப்டிகலில் சுருக்காத ஒலி இரண்டு சேனல்தான், அதாவது இரண்டு ஸ்பீக்கருக்கான தனித்தனி ஒலிதான், போகும். ஆறு சேனல் வேண்டுமென்றால் அது டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் ஆகச் சுருங்கித்தான் போக வேண்டும். படத்தில் ஏற்கெனவே அப்படிச் சுருக்கிய டிராக் இருந்தால் பிளேயர் அதை அப்படியே அனுப்பிவிடும், ஸ்பீக்கர் செட்டில் அதை விரித்துப் பிரிக்கும் டிகோடர் இருந்தால் பிரமாதமாகக் கேட்கும். ஆனால் கேம்களின் சத்தம் அந்தந்த நொடியில் உருவாவது. அதை அங்கேயே சுருக்கி அனுப்ப 'டால்பி டிஜிட்டல் லைவ்' அல்லது 'டிடிஎஸ் கனெக்ட்' உள்ள சவுண்ட் கார்டு வேண்டும். இல்லாவிட்டால் ஆப்டிகல் கேபிள் மாட்டிய 5.1 செட்டுக்கு வெறும் ஸ்டீரியோதான் போய்ச் சேரும்.

அதற்குப் பழைய மூன்று ஒயர் அனலாக் முறையே மேல். பச்சை முன்பக்க ஸ்பீக்கர்களுக்கு, கறுப்பு பின்பக்கத்துக்கு, ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும். மதர்போர்டில் மூன்று ஜாக்தான் இருக்கிறதா? பெரும்பாலானவற்றில் ஆடியோ மென்பொருளில் 5.1 என்று தேர்ந்தெடுத்தால் வெளிர்நீலம் பின்பக்கமாகவும் இளஞ்சிவப்பு நடு-சப்வூஃபராகவும் மாறிக்கொள்ளும். எச்டிஎம்ஐ உள்ளீடு உள்ள ரிசீவர் இருந்தால் இந்தக் கவலையே இல்லை; அதில் எட்டு சேனல் வரை சுருக்காமலே போகும்.

டிவியோ கம்ப்யூட்டரோ ஆப்டிகலில் கொடுக்க, பழைய செட்டில் சிவப்பு-வெள்ளை மட்டும் இருக்க, நடுவில் ஒரு கன்வர்ட்டர் டப்பா வாங்கி வைத்தவர்கள் கவனிக்க: அந்த மலிவு டப்பாக்களுக்கு டால்பி தெரியாது. அனுப்பும் பக்கத்தில் ஒலி அமைப்பை 'பிசிஎம்' (சுருக்காத ஒலி) என்று மாற்றினால்தான் பாட்டு வரும். அதுவரை மௌனம், அல்லது 'ஸ்ஸ்ஸ்' என்ற சீற்றம்.

உறுமல் வந்தால்

பாட்டை நிறுத்தினாலும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் உறுமுகிறதா? அது வீட்டு கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸ். கம்ப்யூட்டருக்கு ஓர் எர்த், ஸ்பீக்கருக்கு வேறொரு எர்த் என்று இரண்டு வழி இருந்து, ஆடியோ ஒயர் நடுவில் பாலம் போட்டுவிட்டால் இப்படி வரும். மவுஸை நகர்த்தும்போது, பக்கத்தை உருட்டும்போது மட்டும் 'கீச் கீச்' என்றால் அது வேறு கதை: கம்ப்யூட்டருக்குள்ளேயே கிளம்பும் இரைச்சல். அதற்கு முன்பக்க ஜாக்கிலிருந்து பின்பக்கத்துக்கு மாறுங்கள். அப்போதும் போகவில்லை என்றால் வெளியே மாட்டும் யூஎஸ்பி டாக் ஒன்று வாங்கலாம்.

உறுமலுக்கு இந்த வரிசையில் சோதியுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சட்டென்று நின்றால் ஆள் அகப்பட்டான். அடுத்து, கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். செட்டாப் பாக்ஸும் இதே இணைப்பில் இருந்தால் கேபிள் டிவி ஒயரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். எர்த் அந்த வழியாகவும் வரும். எதற்கும் மசியாவிட்டால் ஆப்டிகல். ஒளியில் மின்சாரம் ஓடாது என்பதால் இரண்டு கருவிகளுக்கும் நடுவே பாலமே இல்லாமல் போகிறது. ஆப்டிகல் உண்மையிலேயே காசுக்கு வேலை செய்யும் இடம் இதுதான். ஆப்டிகல் வசதி இல்லையென்றால் 3.5 எம்எம் ஒயரின் நடுவில் மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற விரல் நீள டப்பா கிடைக்கும். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்தான். பேஸ் லேசாகக் குறையலாம், உறுமல் போய்விடும்.

பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் உறுமல் நிற்கும் என்று சொல்பவர்கள் உண்டு. நிற்கவும் செய்யும். ஆனால் கம்ப்யூட்டர் பெட்டியில் என்றைக்காவது கரன்ட் கசிந்தால் 230 வோல்ட்டுக்கும் அதைத் தொடுகிறவர் கைக்கும் இடையில் இருப்பது அந்தப் பின் மட்டும்தான். அதைத் தொடாதீர்கள்.